கடல் காணாமல் போகும் பக்கம்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடைபெற்ற புத்தகக் காட்சியில், சித்திரக்கதைகள் அடுக்கப்பட்டிருந்த மேசையின் ஓரத்தில் இந்த நூலைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அட்டையில் தலைப்பும் இல்லை, ஓவியர் பெயரும் இல்லை. கறுப்புக் கோட்டால் வரைந்த ஒரு கட்டமும் அதற்குள் வெற்று வெள்ளையும் மட்டுமே இருந்தன. 96 பக்கங்கள், கறுப்பு வெள்ளை, விலை 250 ரூபாய். அந்த வெள்ளைக்குக் காரணம் உண்டு என்பது பாதிக் கதையை நெருங்கியபோதுதான் விளங்கியது.

கதை நடப்பது சென்னையில். ஆனால் அது ஒரு கணினிக்குள் இயங்கும் சென்னை. எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவி ஒருத்தி நாள்தோறும் மெரினாவுக்குச் சென்று உழைப்பாளர் சிலையை வரைகிறாள். அதே கல்லூரிக்குத் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிலை என்பதால் தேர்வு பொருத்தமாகவே இருக்கிறது. பாறையை நெம்பும் நால்வரின் முறுக்கேறிய உடல்களைத்தான் எல்லாரும் வரைவார்கள். இவளோ பாறையை மட்டும் மூன்று மணி நேரம் வரைகிறாள். 41ஆம் பக்கத்தின் ஒன்பது கட்டங்களிலும் அதே பாறை மேலும் மேலும் நெருங்கி வருகிறது. ஆறாவது கட்டத்தில் ஒரே கீறல் மூன்று இடங்களில் இருப்பதைக் கண்டு பென்சிலால் வட்டமிடுகிறாள். பக்கத்தைத் திருப்பினால் கீறல்கள் சரிசெய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் சிலைக்குப் பின்னால் கடல் இல்லை, அட்டையில் கண்ட அதே வெள்ளைதான் இருக்கிறது. பாறையை நுணுக்கமாகக் காட்டத் தேவைப்பட்ட கணக்கிடும் திறனை, அந்த உலகை இயக்கும் கணினி கடலிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை ஒரு சொல்கூட இல்லாமல் உணர்த்தியிருக்கிறார் ஓவியர்.

மெய்யியலாளர் நிக் போஸ்ட்ராம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய உலகை உருவாக்குபவர்கள் பேரண்டம் முழுவதையும் கணக்கிட வேண்டியதில்லை, மனிதர் கவனிக்கும் இடத்தை மட்டும் அவ்வப்போது நிரப்பினால் போதும் என்று வாதிட்டார். அந்த வாதத்தைத் திருப்பிப்போட்டு, உற்றுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஓவியர்கள் அவ்வுலகுக்குப் பெருஞ்செலவு வைப்பவர்கள் என்று காட்டுவதில்தான் இந்நூலின் புதுமை இருக்கிறது. ‘எப்பொருளையும் ஐந்து நிமிடத்திற்கு மேல் நோக்குதல் கூடாது’ என்று நகர நிர்வாகம் கடற்கரையில் பலகை நடும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தேன்.

கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள்தான் ஏமாற்றம். பேராசிரியர் ஒருவர் திடீரென்று தோன்றி, நாம் கண்ணால் கண்டு புரிந்துகொண்டவற்றையெல்லாம் பாடமாக நடத்துகிறார். எழுத்துருவிலும் கவனம் போதவில்லை. ஒரு உரையாடல் பலூனில் ‘போ’ என்ற எழுத்தின் கொம்பு ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் நிற்கிறது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் காலத்திலிருந்து மொழிபெயர்ப்புச் சித்திரக்கதைகளிலேயே பெரிதும் ஊறி வளர்ந்த நமக்கு, தமிழிலேயே சிந்தித்து வரையப்பட்ட அறிவியல் புனைகதை அரிதாகவே கிடைக்கிறது. அதனால்தான் இத்தகைய குறைகள் கூடுதலாக உறுத்துகின்றன.

இரண்டாம் முறை படிக்கும்போதே என் பிரதியில் 60ஆம் பக்கத்தை ஒட்டிய தாள்கள் பசை விட்டுக் கழன்றுவிட்டன. வாங்குபவர்கள் முதுகை அழுத்தி விரிக்காமல் படிப்பது நல்லது. 250 ரூபாய்க்குத் தயங்குபவர்கள் கடையிலேயே நின்று 41ஆம் பக்கத்தையும் அதற்கடுத்த பக்கத்தையும் மட்டும் பார்க்கட்டும், ஐந்து நிமிடத்திற்கு மேலானாலும் பரவாயில்லை.