மாடித் தகரக் கொட்டகைக்குப் புயல்காப்பு: ஒரு பட்டறையின் வேலை பற்றிய மதிப்பீடு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளோடு சேர்ந்து வீடுகளின் கூரைகளும் பெருமளவில் நாசமாயின. அதன் பின்னரும் எங்கள் பகுதியில் மாடிதோறும் வண்ணத் தகரக் கொட்டகைகள் எழுந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் பல முன்பு போடப்பட்ட அதே முறையிலேயே போடப்படுகின்றன. ஆகவே, எங்கள் வீட்டு மாடிக் கொட்டகையைக் காற்றுக்குத் தாங்கும்படி வலுப்படுத்தித் தந்த வெல்டிங் பட்டறை ஒன்றின் வேலையைப் பற்றி எழுதுவது பிறருக்கு உதவும் என்று நினைக்கிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் அவர்கள் போட்டுக் காட்டிய கணக்குதான் எனக்கு முதலில் நம்பிக்கை அளித்தது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். இந்தியத் தர விதிகள் சென்னைக்கு, கட்டடங்களை வடிவமைக்கக் கணக்கில் கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரை, வைத்திருக்கின்றன. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடையளவுக்கு அழுத்தம் உண்டாகும். பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு தகரத்தின் எடை பதினைந்து கிலோகூடத் தேறாது. அதை மேல்நோக்கி இழுக்கும் விசையோ 400 கிலோவைத் தாண்டிவிடும். பக்கச் சுவர் இல்லாத கொட்டகையில் காற்று அடியிலிருந்தும் முட்டித் தூக்குவதால் நிலைமை இன்னும் மோசம். கூரை சரிந்து விழும் என்று அஞ்சி நாம் தூண்களைத் தடிமனாக்குகிறோம். உண்மையில் தடுக்க வேண்டியது அது மேலே எழும்புவதை.

தகரங்களைச் சட்டத்தோடு பிணைக்கும் பகுதியில் அவர்கள் வேலை மிக நேர்த்தி. துருவேறிக் கிடந்த பழைய ஜே-போல்ட்டுகளை (கொக்கிபோல் வளைந்த போல்ட்டுகளை) கழற்றிவிட்டு, ரப்பர் வாஷருடன் கூடிய துளையிடும் ஸ்குரூக்களைப் போட்டார்கள். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இழுவிசை மிகுதி என்பதால் அங்கே நெருக்கமாகவும் நடுவில் சற்று இடைவெளி விட்டும் அடித்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அடிக்கும் வழக்கத்தைவிட இதுவே சரி. ஓர வரிசைகளில் ஸ்குரூவின் தலைக்குக் கீழே அகலமான தகட்டு வாஷர்களையும் வைத்தார்கள். 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைப் புரட்டிப்போட்ட டிரேசி புயலுக்குப் பின் நடந்த ஆய்வுகள், தகரம் மணிக்கணக்கில் படபடத்துத் துடிப்பதால் ஸ்குரூத் தலையைச் சுற்றி விரிசல் விட்டுக் கிழிகிறது என்பதைத் தெளிவாக்கின. ஸ்குரூ சட்டத்திலேயே நிற்க, தகரம் மட்டும் பறந்துபோவது இதனால்தான். அகல வாஷருக்கு ஆகும் செலவு அற்பம்; கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அவர்கள் முதலில் தந்த மதிப்பீட்டில் தூண்களின் அடிப்பகுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் கொட்டகையின் பாதித் தூண்கள் நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச்சுவரின் மேல் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டவை. மேல்நோக்கி இழுத்தால் செங்கல் கட்டுக்குத் தாங்கும் வலு அநேகமாகக் கிடையாது. தகரத்தை எவ்வளவு இறுக்கிப் பிணைத்தாலும், காற்று அப்போது தகரத்தை விட்டுவிட்டுச் சுவரோடு சேர்த்துக் கொட்டகையையே தூக்கும். பிணைப்பு நன்றாக இருப்பதே ஆபத்தாகிவிடும். இதை நான் கேட்ட பிறகு, மறுப்பேதும் சொல்லாமல் தூண்களைக் கட்டடத்தின் கான்கிரீட் தூண்கள் வரும் இடங்களுக்கு மேலே நகர்த்தி, அடித்தகடு வைத்து, இரசாயனப் பசையிட்ட ஆங்கர் போல்ட்டுகளால் கான்கிரீட்டில் இறக்கினார்கள். தூணுக்கும் மேல்சட்டத்துக்கும் இடையே குறுக்குத் தாங்கிகளும் சேர்ந்தன. கேட்டால்தான் செய்வோம் என்ற இந்தப் போக்கு எனக்கு உவப்பாக இல்லை. விவரம் அறியாத வாடிக்கையாளர் அரைகுறை வேலைக்கு முழுப் பணம் கொடுத்திருப்பார்.

இன்னொரு குறை, நீர்க்கசிவு. அடித்தகடு வைப்பதற்காக மாடியின் தட்டோட்டைப் பெயர்த்த இடங்களை வெறும் சிமென்ட் பூசி மூடிவிட்டார்கள். அடுத்த மழையிலேயே கீழறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. சொன்னவுடன் வந்து நீர்க்காப்புப் பூச்சு அடித்துத் தந்தார்கள் என்பது உண்மை; எனினும் முதல் முறையே செய்திருக்க வேண்டிய வேலை அது. வெல்டிங் செய்த இணைப்புகளுக்குத் துத்தநாகப் பூச்சு அடித்தார்களா என்பதையும் நீங்கள் கூடவே நின்று பார்த்துக்கொள்வது நல்லது. உப்புக் காற்று வீசும் ஊர்களில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

செலவு, புதுக் கொட்டகை போடுவதற்கு ஆவதில் நான்கில் ஒரு பங்கை எட்டவில்லை. தூண்களை நகர்த்தாமல் தகரப் பிணைப்பை மட்டும் செய்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஆனால் அந்தக் குறைந்த தொகைக்கு நான் இவர்களைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் இவர்களை அழைத்துப் பயனில்லை. துளையிடும்போது அது உடைவதோடு அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், அத்தகைய வேலையை அவர்கள் ஏற்பதில்லை.