இருநிறச் சால்வை: மொசைக்கா, ஃபேர் ஐலா?

இரண்டு நிறங்களில் கம்பளிச் சால்வை பின்ன நினைப்பவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் புகழ்பெற்ற ஃபேர் ஐல் முறை. மற்றொன்று, அமெரிக்காவின் பார்பரா வாக்கர் பெயர் சூட்டி, 1976இல் தனிப் புத்தகமே எழுதிய மொசைக் முறை. இரண்டையும் பின்னிப் பார்த்த பிறகு, சால்வைக்கு மொசைக்கே போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஃபேர் ஐலில் ஒரே வரிசையில் இரு நிறங்களும் வரும். அந்த நேரத்துக்கு வேண்டாத நிறம் பின்பக்கமாக ஓடும். துணி தடித்துக் கதகதப்பாகும். பூ, நட்சத்திரம் என்று கோலம் விருப்பம்போல வரும். ஸ்வெட்டருக்கும் குல்லாவுக்கும் அருமையான முறை.

சால்வையில் சிக்கல் மறுபக்கம்தான். ஸ்வெட்டரின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. சால்வையோ தோளில் போட்டதும் ஒரு முனை மடங்கி, உட்புறத்தைக் காட்டிவிடும். பின்னால் ஓடும் நூலில் மோதிரமும் வளையலும் மாட்டும், ஜரிகைப் புடவையின் உள்பக்கத்தில் மெட்டி மாட்டுவதுபோல. ஓரிடத்தில் இழுபட்டால் முன்பக்கத்துக் கண்ணிகள் (பின்னலின் நூல் வளையங்கள்) வரிசையாகச் சுருங்கும். இன்னொன்றும் உண்டு. சால்வையை நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால்தான் வடிவம் படியும். பின்னால் ஓடும் நூல் சற்று இறுகியிருந்தாலும் அந்த இடம் விரியவே விரியாது. போதாக்குறைக்கு, சால்வை போய்த் திரும்பும் பின்னல். திரும்பும் பர்ல் (நிட் என்னும் அடிப்படைக் கண்ணியின் மறுபுறக் கண்ணி) வரிசையில் கோலம் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக இருக்க, இரு நூல்களையும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும்.

மொசைக்கில் ஒரு வரிசைக்கு ஒரே நூல்தான் கையில். கருநீலத்தில் இரண்டு வரிசை, வெள்ளையில் இரண்டு வரிசை என மாறி மாறிப் போகும். வெள்ளை வரிசையில் நீலம் தெரிய வேண்டிய இடத்தில், கீழிருந்து வந்த நீலக் கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு நகர்த்துவோம். நூல் எப்போதும் மறுபக்கத்திலேயே கடக்க வேண்டும். இது தவறினால் முன்பக்கத்தில் குறுக்குக் கோடு விழும். திரும்பும் வரிசையில் பின்னியதைப் பின்னி, நகர்த்தியதை நகர்த்தினால் போதும், கோலம் வரைந்த கட்டத்தாளைப் பார்க்கவே வேண்டாம். நகர்த்துவது பெரும்பாலும் ஒன்றிரண்டு கண்ணிகளே என்பதால், பின்னால் கடக்கும் நூலும் விரல் நுழையாத அளவுக்குக் குட்டை. இரு பக்கமும் நிட் போட்டுப் பின்னினால் ஓரமும் சுருளாது.

மொசைக்கின் குறை, கோலம் படிக்கட்டும் கட்டமுமாகவே வரும். வளைவான கொடியை எதிர்பார்க்கக் கூடாது. நகர்த்திய கண்ணிகள் துணியை உயரவாக்கில் இறுக்குவதால், அதே நீளத்துக்குக் கூடுதல் வரிசைகள் தேவை. வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிய ஊசி எடுத்தால் துணி இளகும். நிறங்களின் அடர்த்தியும் நன்றாக வேறுபட வேண்டும். இரு பந்துகளையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தால் தெரிந்துவிடும். நான் சொல்வது கம்பளி நூலுக்கு. பருத்தியில் சிறு துண்டுகள்தான் பின்னியிருக்கிறேன். அது கனமாகத் தொய்கிறது என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

குழாய்போல வட்டமாகப் பின்னி, இரு முனைகளையும் சேர்த்துத் தைக்கும் கழுத்துப்பட்டி என்றால் என் பதில் மாறும். அங்கே மறுபக்கம் முழுவதும் உள்ளே மறைந்துவிடும். ஃபேர் ஐலையே எடுங்கள்.