ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: ஸ்டியரிங்கில் வந்த ‘டொக்’ சத்தமும் அதைப் பிடித்த விதமும்

ஹெரால்ட் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் முன்சக்கரத்துக்குத்தான் வந்து நிற்கும். கனமாகத் திரும்புகிறது, ஆடுகிறது, சத்தம் போடுகிறது, இந்த மூன்றில் ஒன்று. என் வண்டியில் வந்தது மூன்றாவது. வருடக்கணக்கில் இந்த வண்டியோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மைலேஜ், பெயிண்ட், குரோமியம் எல்லாம் இன்னொரு நாள்.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்ட் என்று வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலொட்டி. 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரானது. என்னிடம் இருப்பது இரண்டு கதவு, 948 சிசி. இதன் பெரிய சுகமே ஸ்டியரிங்தான். ராக் அண்ட் பினியன், அதாவது ஸ்டியரிங் ராடின் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரம் (பினியன்) பல் வெட்டிய நீளக் கம்பியை (ராக்) இட வலமாகத் தள்ளி சக்கரங்களைத் திருப்பும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். முட்டுச்சந்தில் ஆட்டோக்காரர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது நாம் ஒரே வளைப்பில் திரும்பி வெளியே வந்துவிடலாம். அந்த ஸ்டியரிங்கிலேயே சத்தம் வந்தால் மனசு கேட்காது.

சத்தம் இப்படித்தான் இருந்தது. மெதுவாக ஓட்டும்போது இடப்பக்கம் ஒடித்துவிட்டு வலப்பக்கம் திருப்பினால் ஒரு ‘டொக்’. மறுபடி இடப்பக்கம் வந்தால் இன்னொரு ‘டொக்’. பார்க்கிங்கில் நிறுத்தும்போது கட்டாயம் உண்டு. வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் மங்கலாகக் கேட்கும். ஜிஎஸ்டி ரோட்டில் அறுபதில் போகும்போது ஒன்றுமே இல்லை. பிரேக் அடித்தாலும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பிரேக் பிடிக்கும்போது சத்தம் வந்தால் சந்தேகம் விஷ்போன் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர்) பக்கம் போக வேண்டும். திருப்பும் திசை மாறும்போது மட்டும் வந்தால் ஸ்டியரிங் வீலிலிருந்து டயர் வரைக்கும் உள்ள வரிசையில் எங்கோ ஒரு இடம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள், சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார்கள், ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுற்றினார்கள். சத்தமே இல்லை. இருந்தாலும் வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா? “டை ராட் எண்டுதான் சார்” என்று, ராக்கிலிருந்து வரும் கம்பி சக்கரத்தோடு சேரும் அந்த மூட்டுகள் இரண்டையும் மாற்றினார்கள், அலைன்மெண்ட் பார்த்தார்கள். வெளியே வந்து முதல் யூ-டர்ன் எடுத்ததும் அதே ‘டொக்’. பழைய டை ராட் எண்டுகளைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தன.

தூக்கினால் சத்தம் போய்விடுகிறது என்பதுதான் இதில் பெரிய துப்பு. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அதைத் திருப்பப் பலமே தேவையில்லை. பலம் இல்லாத இடத்தில் தளர்ந்த உறுப்பு நகராது. டயர் தரையைப் பற்றியிருக்கும்போதுதான் ராக் ஒரு பக்கம் தள்ள, டயர் மறுபக்கம் எதிர்க்க, நடுவில் எது தொளதொளப்பாக இருக்கிறதோ அது நகர்ந்து போய் இரும்பில் இடிக்கும். அதனால் இந்த மாதிரிச் சத்தத்தைத் தேடும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலைச் சின்னதாக இரு பக்கமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுசாகத் திருப்பக் கூடாது. டயர் திரும்பத் தொடங்கும் எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வந்தால் போதும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் புதுப்பேட்டைப் பக்கம் பழைய வண்டி வேலை பார்க்கும் ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் பாய். ஹெரால்டில் ஒரு வசதி, பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறந்துவிடும். முன் சஸ்பென்ஷன், ராக், ஸ்டியரிங் ராடு எல்லாம் கண்ணெதிரே. டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். என் அக்கா மகனை உள்ளே உட்காரவைத்து ஆட்டச் சொன்னோம். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். சத்தம் வலது சக்கரத்திலிருந்து வருவது போலத்தான் எனக்குக் கேட்டது.

“காதை நம்பாதீங்க சார். சேசிஸ் முழுக்கச் சத்தத்தைக் கடத்தும். கைய வைங்க” என்றார் பாய்.

ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு விரல், ஒரு விரல் இந்தப் பாகத்தில், இன்னொன்று அந்தப் பாகத்தில், இரண்டும் சேரும் கோட்டின் மேல். சரியாக இருக்கும் இணைப்பில் இரண்டு விரலும் சேர்ந்தே நகரும், அல்லது சேர்ந்தே சும்மா இருக்கும். தளர்ந்த இணைப்பில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். டை ராட் எண்டில் ஒன்றுமில்லை. அந்தக் கம்பி ராக்கோடு சேரும் உள் பால் ஜாயிண்டில் ரப்பர் உறைக்கு மேலேயே பிடித்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. ராக் குழாயைச் சேசிஸோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் மேல் கை வைத்தபோது விரலில் ‘தொக்’ என்று விழுந்தது. பாய் சாக்பீஸால் குழாயிலிருந்து பிராக்கெட் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். “ஆட்டு தம்பி.” கோடு நடுவில் முறிந்தது, சேர்ந்தது, முறிந்தது. வீலைத் திருப்பினால் முதலில் ராக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்கிறது. போய் இடித்து நின்ற பிறகுதான் டயர் திரும்புகிறது.

ஹெரால்டில் ராக்கைச் சேசிஸில் இரும்போடு இரும்பாக இறுக்குவதில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் வைத்து அதன் மேல் யூ போல்ட். சாலையின் அதிர்வு கைக்கு வராமல் இருக்க இந்த ஏற்பாடு. ராக் இருப்பதோ இன்ஜினின் கிராங்க் புல்லிக்குக் கீழே. என் வண்டியில் அந்தப் புல்லிக்குப் பின்னால் ஆயிலைத் தடுக்கும் டைமிங் கவர் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. வயசான இன்ஜின், கொஞ்சம் கசியும்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத கசிவு. அந்த ஆயில் சொட்டிச் சொட்டி வலப்பக்க ரப்பர் பழம்புளி மாதிரி ஊறிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. கழற்றும்போது கையோடு பிய்ந்து வந்தது. புது ரப்பர் போடும் செலவு ஒரு தடவை பெட்ரோல் டேங்க் நிரப்பும் காசுகூட ஆகவில்லை.

போடும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ரப்பரைச் செருகி நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தால் சில மாதத்தில் பழைய கதைதான். ராக் குழாயில் பற்றவைத்த தட்டு ஒன்று இருக்கும். யூ போல்ட்டை வெளிப்பக்கமாகத் தள்ளி, ரப்பர் அந்தத் தட்டில் நன்றாக நெருங்கி நசுங்கும் நிலையில் பிடித்துக்கொண்டு, அப்படியே நட்டை இறுக்க வேண்டும். துளைகள் அதற்காகவே நீளமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒருவர் நெம்புகோல் வைத்து நெருக்க, இன்னொருவர் ஸ்பேனர் போட வேண்டிய வேலை. அதற்கு முன்னால் சீலை மாற்றிவிடுங்கள். கசிவை விட்டுவிட்டு ரப்பரை மாற்றுவது வீண்.

பெரிய ‘டொக்’ போய்விட்டது. அது போன பிறகுதான் அதற்கு அடியில் ஒளிந்திருந்த சின்ன ‘டிக்’ கேட்க ஆரம்பித்தது. பழைய வண்டியில் இது சகஜம். ஒரு சத்தத்துக்கு ஒரே காரணம் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இது காதில் கேட்டதைவிட உள்ளங்கையில்தான் அதிகம் தெரிந்தது. அதனால் சந்தேகம் மேலே போயிற்று. ஹெரால்டின் ஸ்டியரிங் ராடு இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒரு கிளாம்ப் இறுக்கியிருக்கும். விபத்து நேர்ந்தால் உள்ளே சுருங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. அந்தக் காலத்துக்கு இது பெரிய யோசனை. அந்தக் கிளாம்ப் சரியாகவே இருந்தது. அதற்குக் கீழே, ராடும் பினியனும் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் கப்ளிங்கில் வெடிப்பு. மாற்றியதும் ‘டிக்’ நின்றது, கூடவே ஹாரனும் நின்றது! ஹாரன் பட்டனுக்கு எர்த் ஸ்டியரிங் ராடு வழியாகத்தான் போகிறது. நடுவில் ரப்பர் இருப்பதால் கப்ளிங்கைத் தாண்டி ஒரு சின்ன ஒயர் போட வேண்டும். பழைய கப்ளிங்கில் இருந்த ஒயரை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்து, நேராகப் போகும்போது குண்டுகுழியில் மட்டும் கடகடவென்று கேட்டால் ராக் டேம்பரைப் பார்க்கலாம். பினியன் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய மூடி, உள்ளே ஸ்பிரிங், ராக்கைப் பினியனோடு அழுத்தும் பிளஞ்சர், ஷிம் என்ற மெல்லிய தகடுகள். ஷிம்மைக் குறைத்தால் இறுகும். ஆனால் ராக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவைப் பார்த்து இறுக்கினால் ஓரத்துக்குப் போகும்போது பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டு ஓரத்துக்கும் திருப்பிப் பார்க்காமல் மூடியை மூடக் கூடாது.

சத்தத்தோடு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனால் முன்பக்கம் கை வைக்கும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ட்ரனியன். சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்து லிங்கின் அடியில், பித்தளையில் மரை போட்ட பாகம். சக்கரம் திரும்புவதே அந்த மரையில்தான். இதற்குக் கியர் ஆயில் விட வேண்டும், இபி 90. கிரீஸ் வேண்டாம். நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷனில் எங்கே துளை கண்டாலும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து கெட்டிப்படும், மரைக்குள் தண்ணீர் இறங்கும், லிங்கின் எஃகு துருப்பிடிக்கும். ஒரு நாள் முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். இது பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்காது. ஸ்டியரிங் கனப்பதுதான் அறிகுறி. இதைச் சோதிக்கும்போது மட்டும் வண்டியைத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் ட்ரனியன் அல்லது மேல் பால் ஜாயிண்ட்.

இந்தச் சோதனை முறை ஹெரால்டுக்கு மட்டும் இல்லை. அம்பாஸடரும் ராக்தான், அங்கேயும் இப்படியே தேடலாம். பழைய பியட்டில் ஸ்டியரிங் பாக்ஸ், அதனால் கை வைக்க வேண்டிய இடங்கள் வேறு. ஸ்டியரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மை முதலில் பிடியுங்கள்.

அப்புறம் ரப்பர் சமாசாரம். சில வருஷத்தில் மறுபடி லேசாகத் தளர்ந்தது. ராக்குக்கு அலுமினியக் கட்டைகளும் கிடைக்கின்றன. நண்பர் ஒருவர் போட்டிருக்கிறார். ஓட்டிப் பார்த்தேன். வீலைத் தொட்டதும் வண்டி திரும்புகிறது, உண்மைதான், ஆனால் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முழங்கைக்கு வருகிறது. அந்த அதிர்வு நம் சாலைக்குச் சரிப்படாது. நான் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் போட்டேன். ஆயிலுக்கு அசையவில்லை, இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கு விற்கும் முன்பக்கச் சாமான்களில் பலவும் இதற்குச் சேரும் என்பதால் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதும் கஷ்டமில்லை. வந்ததும் பழையதோடு வைத்து அளந்து பாருங்கள், அவ்வளவுதான்.

இப்போது மிச்சமிருப்பது ஸ்டியரிங் ராடின் மேல் புஷ்ஷில் ஒரு சின்ன ஆட்டம். வீலை மேலே தூக்கிப் பிடித்தால் தெரியும், ஓட்டும்போது தெரியாது. டாஷ்போர்டில் ஸ்பீடோ கேபிள் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்குக் கழற்றும்போது இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.