அப்பாவின் வாசனைக்கு அருகில் எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்மரம் வெட்டி வந்து, குளித்து, மாலையில் கோயிலுக்குப் புறப்படும் அப்பாவின் சட்டையில் ஒரு கொலோன் மணக்கும். முதலில் லாவண்டர், பிறகு ஈரப்பாசி, அடியில் காய்ந்த புல்லின் இனிப்பு. அதே பெயரில் இன்று வாங்கிய புட்டியில் அந்தப் பாசி வாசனை இல்லை. மனம் வலித்தது.

பழைய கொலோன்கள் பலவும் மாறியதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாசி வாசனையைத் தருவது ஓக் மரப்பாசிச் சாறு. அதில் இயல்பாக இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு பொருள்களும் தோல் ஒவ்வாமை தருவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவற்றைத் தடைசெய்தது. ஆகவே இன்று கடையில் வாங்கும் இத்தகைய புட்டிகளில் பழைய பாசி முழுதாகக் கிடைக்காது. நெருங்கி வருவதைத்தான் தேட முடியும்.

லாவண்டர், காய்ந்த புல்லின் இனிப்பைத் தரும் கூமரின், பாசி மூன்றும் கூடிய வகைக்கு ஃபூஜேர் என்று பெயர். 1882இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு வாசனை நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ரோயால்தான் அதற்கு மூதாதை. அந்தக் குடும்பத்தில் இரண்டை அணிந்து பார்த்தேன்.

1978இல் வந்த அசாரோ பூர் ஓமில் சோம்பு முந்துகிறது. கம்பீரமான வாசனை, ஆனால் நம் ஊர் நண்பகல் வெயிலில் எனக்கு அது கனத்தது. திருமண விருந்து இரவுக்கு நன்றாகப் பொருந்தும்.

1973இல் வந்த பாக்கோ ரபான் பூர் ஓம் வேறு குணம். ரோஸ்மேரி, தேன், நல்ல சவர்க்காரத்தின் தூய்மை. தெளித்தவுடன் முடிவு செய்யாதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள். வியர்வையோடு கலந்த பிறகுதான் அந்தப் புல்லின் இனிப்பு மேலெழுகிறது. நான் வைத்துக்கொண்டது இதைத்தான். அம்மாவிடம் சட்டைக் கையை நீட்டினேன். முகர்ந்துவிட்டு, மறுபடியும் முகர்ந்தார்.