உப்புச்சப்பில்லாத 14 நாள்

போன வாரம் சுங்கை சிப்புட் சந்தையில் மச்சானைப் பார்த்தேன். கீழ்ப்பல் இரண்டு ஆடுகிறதாம். "மாப்ளே, நீ ஏதோ மருந்து வச்சுக் கொப்பளிச்சியே, பேரைச் சொல்லு, ஃபார்மசியில வாங்கிக்கிறேன்" என்றார். மீன்கடை முன்னால் நின்றபடி சொல்லி முடிக்கிற கதையா அது? மூன்று வருடமாகிறது, இப்போது ஓடுவது ஐந்தாவது பாட்டில்.

கிருமியை அடக்கும் வாய் கொப்பளிப்பு மருந்து அது: குளோர்ஹெக்சிடின், 0.2 சதவீதம். 10 மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும். இதெல்லாம் பாட்டிலில் பெரிய எழுத்திலேயே இருக்கும். பொடி எழுத்தில் இருப்பதுதான் நம்மைக் கவிழ்க்கிறது: நாக்கு மழுங்கிப் போகும். முக்கியமாக உப்பு தெரியாது.

முதல் தடவை நான்காம் நாள், நெத்திலி சம்பலில் உப்பில்லை என்றேன். மனைவி நக்கிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றாள். மறுநாள் ரசம். அதற்கடுத்த நாள் வாயைத் திறக்கும் முன்பே உப்பு ஜாடியை என் தட்டருகே வைத்துவிட்டுப் போனாள். நானும் அள்ளிப் போட்டேன், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன்! என் தட்டில் கைவைத்த மகன் துப்பியபோதுதான் பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். கோப்பி ஓ குடித்தால் வெறும் சுடுதண்ணீர்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஈறில் கசிந்து காலையில் தலையணையில் இருந்த ரத்தக்கறை ஒரே வாரத்தில் நின்றது. வாய் நாற்றமும் போனது. ஆனால் அதே வாரம்தான் பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தார். எனக்குப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் பள்ளம். கொப்பளிக்கிற தண்ணீர் அவ்வளவு ஆழம் இறங்காது. பல்லில் சிமெண்டு மாதிரி இறுகிய காரையையும் அது கரைக்காது. சுரண்டிய ஈறு வலித்து பிரஷ் வைக்க முடியாத நாட்களில் கிருமியைத் தலைதூக்க விடாமல் வைத்திருந்தது, அதுதான் அதன் வேலை. பல்லிலும் வாய்த்தோலிலும் ஒட்டிக்கொண்டு 12 மணி நேரம்வரைகூட நிற்குமாம். சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொன்னதும் அந்த டாக்டர்தான். அது இறங்கிய பிறகே ஈறு கெட்டிப்பட்டது.

அந்த ஒட்டல் குணமே அடுத்த வம்பு. ஒரு நாள் மலிவு விலையில் போட்டிருந்தார்கள் என்று மூன்று பாட்டில் வாங்கி, யாரையும் கேட்காமல் ஒன்றரை மாதம் கொப்பளித்தேன். ஒட்டுக்கடையில் நாளுக்கு நான்கு தே தாரிக், அதாவது பால் தேநீர், குடிக்கிறவன். சாயம் அப்படியே பல்லில் ஏறியது. "என்னண்ணே, வெத்தலை போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஆலையில் ஒரு பையன் கேட்டான். பாலிஷ் போட்டுத்தான் கறையை எடுத்தார்கள். காரையும் முன்பைவிடச் சீக்கிரம் படிந்திருந்தது.

பற்பசை நுரையும் இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும், அரை மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். மருந்து விற்ற இடத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை. பல் துலக்கி, அரை மணி காத்து, கொப்பளித்து, அப்புறமும் தேத்தண்ணீருக்குப் பொறுத்திருந்து... காலை ஆறு மணிக்குச் செம்பனை ஆலையில் நிற்க வேண்டியவன் எத்தனை மணிக்கு எழுவது?

இந்த மருந்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போன மாதம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். இப்போது மறுபடி சுத்தம் செய்து, டாக்டர் சொன்ன 14 நாளில் இன்று ஒன்பதாம் நாள். வீட்டில் கருவாட்டுக் குழம்பு. ஒன்றுதான் கொடுப்பேன்.

மச்சானிடம் மருந்தின் பேரைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அரசாங்கப் பல் கிளினிக்கில் நம்பர் எடுக்க நானே கூட்டிப் போகிறேன்.