கரிசல் மண் ரோட்டுக்குச் சுண்ணாம்பா, சிமென்டா?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலைத் தோண்டி எறிந்துவிட்டுக் கிராவல் கொட்டினால் செலவு எகிறும். இருக்கிற மண்ணையே கெட்டிப்படுத்தலாம் என்று முடிவானதும் இந்தக் கேள்வி வரும். கரிசலுக்குச் சுண்ணாம்புதான் என்பது என் முடிவு.

சிமென்டின் நன்மைகள் தெரிந்தவையே: எங்கும் கிடைக்கும், மூட்டைக்கு மூட்டை தரம் மாறாது, சீக்கிரம் இறுகும். மணல் கலந்த செம்மண்ணுக்கும் கிராவலுக்கும் தயங்காமல் அதையே போடலாம். ஆரோவில்லில் அழுத்திச் செய்யும் மண்கல்லுக்குக்கூடச் சராசரியாக 5% சிமென்ட்தான். களி குறைந்த மண்ணில் சுண்ணாம்புக்கு வேலை இல்லை.

கரிசலில் தீர்மானிப்பது பலம் அல்ல, கட்டி உடைவது. ஈரமாக இருந்தால் கலப்பையில் அப்பும், காய்ந்தால் கல்லாகும். நெடுஞ்சாலை விதிப்படி, கலக்கும் மண் முழுவதும் 26.5 மி.மீ. சல்லடையிலும், அதில் 80% 5.6 மி.மீ. சல்லடையிலும் இறங்க வேண்டும். சிமென்டைக் கலந்துவிட்டால் 2 மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடித்தாக வேண்டும். அதற்குள் கரிசல் உடையாது. கட்டியின் மேல் சிமென்ட் ஓடு படியும், உள்ளே பச்சைக் களி அப்படியே கிடக்கும். மழைக்கு அந்தக் களி உப்பும், ரோடு பிளக்கும். சிமென்டை அள்ளிப் போட்டாலும் தீராது. இறுகிச் சுருங்கும்போது விழும் வெடிப்புதான் கூடும்.

சுண்ணாம்போ கட்டியைத் தானே உடைத்துத் தருகிறது. அதிலுள்ள கால்சியம் களித்துகள்களில் ஒட்டியதும் அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, பிசுபிசுப்புப் போய் மண் பொலபொலக்கும். பாதிச் சுண்ணாம்பைப் பரப்பி, ரோட்டாவேட்டரால் 15 செ.மீ. ஆழத்துக்குக் கிளறி, தண்ணீர் தெளித்து, மேலே லேசாக ரோலர் ஓட்டி மூடி 1 முதல் 3 நாள் விட வேண்டும். பிறகு மீதியைப் போட்டு மறுபடி கிளறி, 3 மணி நேரத்துக்குள் இறுக்கி, குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

அளவைக் கண்மதிப்பில் போடக் கூடாது. 20 கிராம் மண்ணுக்கு 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர் என்று பல குப்பிகளில் எடுத்து, மண்ணின் எடையில் 2% முதல் 8% வரை சுண்ணாம்பு கலந்து 1 மணி நேரம் கழித்து பி.எச். (காரத்தன்மையின் அளவு) பாருங்கள். 12.4-ஐத் தொடும் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கலாம். நம் வெயிலில் தெளிந்த சுண்ணாம்பு நீரே 12.3-தான் காட்டும் என்பதால் அதையும் பக்கத்தில் வைத்து, அது காட்டும் அளவைத் தொடுகிறதா என்று ஒப்பிட வேண்டும். 4% என்று வந்தால், 15 செ.மீ. அடுக்குக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 9 கிலோ.

பெரும்பாலும் வேலை கெடுவது சரக்கில். திறந்து கிடந்த நீற்றுச் சுண்ணாம்பு காற்றுப் பட்டு வெறும் சுண்ணப்பொடியாகிவிடும். எடை இருக்கும், வீரியம் இருக்காது. மண்ணில் ஜிப்சம் தென்பட்டால் சல்பேட் சோதனை பார்க்காமல் சுண்ணாம்பு, சிமென்ட் இரண்டையுமே போடாதீர்கள்: சல்பேட்டோடு சேர்ந்தால் இறுகிய மண்ணே உப்பிக் கிளம்பும்.

கனரக லாரி ஓடும் ரோட்டுக்குச் சுண்ணாம்பின் பலம் மட்டும் போதாமல் போகலாம். அங்கே முதலில் 2–3% சுண்ணாம்பால் கட்டியை உடைத்து, பிறகு சிமென்ட் சேர்ப்பது நல்ல வழி. ஆனால் நான் சொல்லும் தீர்ப்பு கிராமச் சாலைகளை வைத்துத்தான்.

கலவை சீராக இறங்கியதா என்று அறிய, இறுக்குவதற்கு முன் ஒரு குழி வெட்டி, சுண்ணாம்பு பட்டால் இளஞ்சிவப்பாகும் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பு அடிவரை வராத இடத்தில் மறுபடி ரோட்டாவேட்டர் ஓட்ட வேண்டும்.