சென்னை வீட்டில் மழைத்தோட்டம்: பல பருவங்கள் ஓடியபின் தெரிவது

மாடியில் விழும் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட பள்ளம்தான் மழைத்தோட்டம். அக்டோபரில் அது எல்லா வீட்டிலும் நன்றாகத்தான் வேலை செய்யும். காய்ந்த மண், கொடுத்ததையெல்லாம் குடிக்கும். நவம்பர் பாதியில், மண் ஊறி நிலத்தடி நீர் மேலேறியபின், தேங்கிய தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் என்றால் அமைப்பு நன்று. 48 தாண்டினால் எங்கோ பிழை.

அந்தப் பிழை பெரும்பாலும் தோண்டுமுன் மே மாதத்தில் செய்த மண் சோதனையில் நடந்திருக்கும். ஒரு அடி நீள அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள குழியில் தண்ணீர் நிரப்பி, அது வடிந்தபின் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதுதான் சோதனை. மணிக்கு 25 மி.மீ. இறங்கினால் கவலையில்லை. 12-க்குக் கீழே என்றால் அடியில் வடிகுழாய் கட்டாயம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் இது எளிதில் தேறும். வேளச்சேரிப் பக்கக் களிமண்ணில் கோடையில் வரும் எண்ணை நம்பவே கூடாது: வெடித்த களி விரிசல் வழியாக விழுங்கும், நனைந்ததும் உப்பி மூடிக்கொள்ளும். நவம்பரில் ஒருமுறை அளந்துவிட்டு அடுத்த கோடையில் தோண்டுவதே சரி. மழைக்காலத்தில் மூன்றடிக்குள் நீர் ஊறி வரும் இடம் இதற்கு ஆகாது.

அளவுக் கணக்கு இது. 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 930 லிட்டர். 100 சதுர அடித் தோட்டத்தில் அரை அடி தேக்கம், இரண்டு அடி வடிமண் (நீர் வடிய மணல் கூட்டிய மண்), எட்டு அங்குல ஜல்லி மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 3,500 லிட்டர் பிடிக்கும். அதாவது மூன்றரை செ.மீ. மழை. கரை சரிவாக இருந்தால் இன்னும் குறையும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு இதை நம்பி உட்காரக் கூடாது. அன்றாட மழையைத் தெருவுக்கு விடாமல் நிலத்துக்குள் இறக்குவதே இதன் வேலை.

அடியில் முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் மூன்று அங்குல உயரத்துக்குக் கால் அங்குலச் சிப்ஸ் (சிறு கல்), அதன்மேல் வடிமண். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே துணி விரிப்பது பரவலான பழக்கம். வேண்டாம்; நுண்வண்டல் துணியில் படிந்து அடைத்தால் முழுவதையும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். சிப்ஸ் அடுக்கே போதும். வடிமண்ணுக்கு மூன்று பங்கு பருமணல், ஒரு பங்கு தோட்டமண், ஒரு பங்கு மக்கிய உரம். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) என்றால் கழுவிப் போடுங்கள், அதன் கல்தூள் சிமென்ட் போல இறுகும். உரத்தைக் கூட்டினால் செடி செழிக்கும், ஆனால் உரம் மக்க மக்கப் படுகை அமுங்கும். வடிகுழாய் தேவைப்பட்டால் நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் துளையிட்டு ஜல்லிக்குள் பதித்து, ஒரு முனையை மண்ணுக்கு மேலே கொண்டுவந்து மூடி போடுங்கள். அடைப்பு எடுக்க அந்த முனைதான் வழி.

அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்க வேண்டும். சம்ப், செப்டிக் டேங்க் பக்கமும் வேண்டாம்.

கெடுவது எப்போதும் நுழைவாயிலில் தொடங்குகிறது. வேப்பிலை, மாடிப் பெயின்ட் செதில், பக்கத்துக் கட்டட வேலையின் சிமென்ட் தூசி எல்லாம் அங்கே சேர்ந்து குட்டி அணையாகிவிடும். தண்ணீர் நுழையும் இடத்தைத் தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் தாழ்த்திக் கூழாங்கல் பரப்பினால் இது வெகுவாகக் குறையும். தேங்காய் மட்டைத் துண்டுகளை மூடாக்காகப் போட்டால் முதல் கனமழையில் மிதந்து போய், மிகுந்த நீர் வெளியேறும் வழிவாயை அடைக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்காதீர்கள். அதிலுள்ள சோடியம் களியைக் குழைத்து மண்ணின் துளைகளை மூடும்.

கொசு பற்றிய பயம் நியாயமானது, ஆனால் ஆபத்து இருக்கும் இடம் வேறு. ஒரு நாளில் வடியும் தோட்டத்தில் புழு வளர நேரமில்லை. தோட்டத்துக்குள் நீர் நுழையுமுன் வண்டலைப் பிடிக்கக் கட்டிய வண்டல் தொட்டியில் வாரக்கணக்கில் நிற்கும் தெளிந்த நீர்தான் டெங்கு கொசுவுக்கு வீடு. தொட்டியின் அடியில் கசிவுத் துளை விட்டு, கீழே ஜல்லி போட்டு, மேலே நைலான் வலை கட்டுங்கள்.

வழிந்த நீரைப் பலரும் நேரே தெருவுக்கு விடுகிறார்கள். சாலையை மேல் மேலே போட்டு உயர்த்திய தெருவில் அதே குழாய் வழியாகத் தெருத்தண்ணீர், பல சமயம் சாக்கடையோடு, உள்ளே திரும்பும். வழிவாய் சாலை மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். முடியாவிட்டால் ஒருவழி வால்வு போடுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழி வீட்டில் இருந்தால், வழிவதை முதலில் அதற்கு அனுப்புங்கள். செடிகளுக்கிடையே வண்டலை விட்டுவிட்டு வருவதால் அந்தக் குழியும் எளிதில் அடைபடாது.

செடிகளில் வெட்டிவேரை மிஞ்ச ஒன்றுமில்லை. தேக்கத்தையும் ஏப்ரல் வெயிலையும் தாங்கும். அரை அடிக்கு ஒன்றாக, ஜூலையிலேயே நட்டால் பருவத்துக்குள் வேர் பிடித்துவிடும். கல்வாழைக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். சரிவில் அருகம்புல் போதும். கோரை தானாக முளைத்தால் கிழங்கோடு பிடுங்குங்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் ஒதுக்குங்கள்: வண்டல் தொட்டியை அள்ளுவது, வெட்டிவேரைக் கத்தரிப்பது, வடிகுழாயில் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. நுழைவாயிலருகே படிந்த வண்டல் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் மேல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புதுப் பருமணல் போடுங்கள். காய்ந்திருக்கும்போதே செய்யுங்கள்; ஈரமண்ணில் மிதித்தால் அந்த மிதியிலேயே படுகை இறுகிவிடும்.